நவம்பர் மாப்பிள்ளைகள்

சாப்பாடு இறங்காது. தூக்கம் கிடையாது. கழுத்து தடித்துவிடும். ரோட்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் குறுக்கே ஓடும். தன்னைவிடப் பெரியவனோடு வம்புக்குப் போகும்.

நான் சொல்வது பி.காம். மூன்றாம் வருஷத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனைப் பற்றி அல்ல (அவனுக்குக் கழுத்து தடிக்கவில்லை). அமெரிக்காவின் வெண்வால் மானைப் பற்றி.

வருஷத்தில் பத்துப் பதினோரு மாதம் இந்த மானைப் போல ஜாக்கிரதைப் பேர்வழி கிடையாது. அதுவும் மூன்று வயது தாண்டிய ஆண் மான் இருக்கிறதே, ரிட்டயராக இரண்டு மாதம் பாக்கியிருக்கிற ஹெட்கிளார்க் மாதிரி. எதிலும் கையெழுத்துப் போடாது. பகலில் வெளியே தலை காட்டாது. ஒரு சருகு இடம் மாறியிருந்தாலும் அந்தப் பாதையை விட்டுவிடும். அப்பேர்ப்பட்ட ஆசாமி, நவம்பர் பிறந்ததும் பட்டப்பகலில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, வயல்வெளியில் தறிகெட்டு ஓடுகிறது. அமெரிக்கர்கள் இதை 'ரட்' என்கிறார்கள். நம்மூரில் மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்போமே, அதன் ஆண் பக்கத்து சமாசாரம்.

இந்த இரண்டு மூன்று வாரத்துக்காகத்தான் வேட்டைக்காரர்கள் வருஷம் பூரா லீவ் சேர்த்து வைக்கிறார்கள். எனக்கு இதுதான் முதலில் உறுத்தியது. புத்தி கெட்டு நிற்கிற நேரமாகப் பார்த்து, மரத்தில் ஒளிந்திருந்து அடிப்பதா? வாலியை ராமன் மறைந்து நின்று அம்பு விட்டது சரியா தப்பா என்று பொங்கலுக்குப் பொங்கல் பட்டிமன்றம் நடத்துகிற ஊரிலிருந்து போனவன் நான். கேட்காமல் இருக்க முடியுமா?

கேட்டது, என் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம். விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகருக்கு மேற்கே ஒரு கிராமம். 2019 நவம்பரில் அங்கே போயிருந்தேன். பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. ரிட்டயர்டு லாரி டிரைவர். ஆறு ஏக்கர் சோளக்காடு, அதன் ஓரம் ஓக் மரத்தோப்பு. என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. "விடியக்காலை நாலரைக்கு வா. தலைக்கு எண்ணெய் தேய்க்காதே" என்றார்.

எண்ணெய் மட்டுமா? முந்தின நாளிலிருந்து எனக்கு பத்தியம். வாசனை சோப்பு கூடாது. பவுடர் கூடாது. மானுக்குக் கண் சுமார்தான். ஆரஞ்சும் சிவப்பும் அதற்குச் சரியாகப் பிரித்துத் தெரியாது. ஆனால் மூக்கு? அப்பப்பா! என் ஸ்வெட்டரை முகர்ந்து பார்த்த பெரியவர், மரியாதையாக அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் கோட்டைத் தந்தார். ஸ்வெட்டரில் அக்கா வீட்டுப் பெருங்காயம் மணந்ததாம். "மாப்ளே, உன்னால இந்த ஜில்லாவுல ஒரு மான் கூடச் சாகாது" என்று அத்தான் வாழ்த்தி அனுப்பினார்.

பரண் என்றால் நமக்குப் பழைய பித்தளை அண்டா போட்டு வைக்கிற இடம். அதற்கு முந்தைய அர்த்தம், தினைப்புனத்தில் காவலுக்கு உட்காருகிற மேடை. பெரியவர் என்னை ஏற்றியது அந்த ஜாதிப் பரண்தான். ஓக் மரத்தில் சாய்த்துக் கட்டின இரும்பு ஏணி, பதினைந்து அடி உயரத்தில் இரண்டு பேர் உட்கார ஒரு பலகை. தோளையும் தொடையையும் சுற்றி பெல்ட் மாட்டி மரத்தோடு கட்டிவிட்டார். மைனஸ் ஐந்து டிகிரி. காற்று சோளக்காட்டுப் பக்கமிருந்து எங்கள் முகத்தில் அடித்தது. அப்படி அடிக்கிற நாளில்தான் இந்தப் பரணில் ஏறுவாராம். எங்கள் வாடை பின்னால் போய்விடும். அவர் மடியில் கப்பியும் கயிறுமாக ஒரு நவீன வில். விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள்தான். வில்லுக்கு செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை உண்டு.

இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கிசுகிசுத்ததையும், பிறகு நான் படித்ததையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விடிந்த பிறகு பேச விடமாட்டார்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். நிலா என்று பெரியவர் நினைக்கிறார். நிஜக் காரணம் சூரியன். பகல் நேரம் குறையக் குறைய, கண் வழியாக மூளைக்குச் சேதி போய், மெலடோனின் என்ற சுரப்பு கூடி, அது மற்ற ஹார்மோன்களை எழுப்பிவிடுகிறது. மேடிசனில் கோடையின் நீண்ட பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் ஒன்பது மணி நேரம்தான். ஆறு மணி நேர வித்தியாசம். மானுக்கு அதைவிட நல்ல காலண்டர் வேண்டாம். வருஷா வருஷம் அதே நவம்பர் நடுவில் கல்யாண சீசன். கர்ப்பம் சுமார் இருநூறு நாள். கூட்டிப் பாருங்கள், மே கடைசி, ஜூன் ஆரம்பம். பனி போய், புல் முளைத்து, தாய்க்குப் பால் ஊறுகிற நேரம். நிலாவை நம்பி முன்னே பின்னே போனால் குட்டி பனியில் விறைத்துச் சாகும்.

சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அதனால்தான் நம்மூர்ப் புள்ளிமானுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கிண்டியில் கொம்புள்ளது, கொம்பு விழுந்தது, புதுக் கொம்பில் வெல்வெட் மூடியது என்று மூன்று தினுசும் ஒரே மாதத்தில் பார்க்கலாம். இதே வெண்வால் மான் வெனிசுலாவிலும் உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது வருஷம் முழுக்கக் குட்டி போடுகிறது. இனம் ஒன்றுதான், டைம்-டேபிள்தான் வேறே.

வெளுத்தது. முதலில் வந்தது யானை. அப்படித்தான் சத்தம் கேட்டது, பார்த்தால் அணில். காய்ந்த ஓக் இலைமேல் அணில் ஓடினால் அந்த சத்தம். நாலைந்து அணில் யானைகளுக்குப் பிறகு ஆறே முக்காலுக்கு நிஜமாகவே ஒரு மான். ஒன்றரை வயசுப் பையன். தலையில் கவட்டை மாதிரி சின்னக் கொம்பு, பக்கத்துக்கு இரண்டு முனை. மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல் நேரே எங்கள் மரத்தடிக்கு வந்துவிட்டான். அங்கே இலையைச் சுரண்டி எடுத்து மண் தெரிகிற மாதிரி ஓர் இடம், தாம்பாளம் அளவுக்கு. மேலே தாழ்ந்து தொங்குகிற ஒரு கிளை.

இதுதான் இவர்கள் நோட்டீஸ் போர்டு. ஆண் மான் முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். மேலே கிளையை நக்கி, கடித்து, நெற்றியில் தேய்க்கும். பிறகு பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, மூட்டின் உள்பக்கம் இருக்கிற முடிக்கற்றை மேல் சிறுநீர் விட்டுக் கழுவிவிடும். அந்தக் கற்றையில் ஒரு சுரப்பி. கல்யாண சீசனில் அது கருத்து, நாறி, இருபதடி உயரத்துக்கு வரும்! நான் சாட்சி. யார் வந்தான், என்ன வயசு, தெம்பு எப்படி, எல்லா விவரமும் அந்த நாற்றத்தில் இருக்கிறதாம். முன்பெல்லாம் ஒரு பள்ளம் ஒரு மானுக்குச் சொந்தம் என்று நினைத்தார்கள். தானியங்கி கேமரா வந்தபிறகு குட்டு வெளிப்பட்டது. ஒரே பள்ளத்தில் ஊரில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். ஆபீஸ் நோட்டீஸ் போர்டை மானேஜர் இல்லாத நேரத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி.

பையன் கிளையை நக்கினான். மண்ணைப் பறித்தான். பறிக்கிறபோதே நாலு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். யாருக்குப் பயப்படுகிறான் என்று அரை மணியில் தெரிந்தது.

சோளக்காட்டு ஓரத்தில் மூன்று பெண் மான்கள். பையன் கழுத்தை நீட்டிக்கொண்டு பாய்ந்தான். மூன்றும் சிதறி, பத்தடி தள்ளிப் போய் நின்று, மேய ஆரம்பித்தன. இன்னும் நேரம் வரவில்லை என்றால் பெண் மான் நிற்காது. நேரம் என்பது எவ்வளவு தெரியுமா? ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதைத் தவறவிட்டால் அடுத்தது நாலு வாரம் கழித்து. இந்த மொத்தக் கூத்தும், கொம்பும் கழுத்தும் சண்டையும், அந்த இருபத்துநாலு மணி நேரத்துக்காக. முடிவு பெண்ணின் கையில். ஆண் செய்யக்கூடியது அலைவது ஒன்றுதான்.

அப்போது புதருக்குள் யாரோ கல்யாணச் சாப்பாடு முடித்து ஏப்பம் விட்டார்கள். ஒரு தரம். இரண்டு தரம். பெரியவரின் கை வில்லை இறுக்கியது. "மேயர்" என்றார், உதடு அசையாமல்.

பத்து முனைக் கொம்பு. மூன்று வருஷமாகக் கேமராவில் ராத்திரி மட்டும் வந்துபோகிறவன். பகலில் பெரியவரே பார்ப்பது முதல் தடவையாம். தமிழில் ஆண் மானுக்குக் 'கலை' என்றும், பெண்ணுக்குப் 'பிணை' என்றும் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கலை என்று ஏன் வைத்தார்கள் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் சந்தேகமே இல்லை. காதைப் பின்னுக்கு மடித்து, முதுகு மயிரைச் சிலிர்த்து, விறைத்த காலால் பக்கவாட்டில் நடந்து வந்தான். சண்டை போடவில்லை. சும்மா நடந்தான். பையன் வேறெங்கோ அவசர வேலை இருக்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நழுவினான். பெரும்பாலும் இப்படித்தான் முடியும் என்கிறார்கள். சரிசமமான இரண்டு பேர் மோதினால்தான் ஆபத்து. சில சமயம் கொம்பு கொம்பில் சிக்கிப் பிரிக்க முடியாமல் இரண்டும் பட்டினியில் செத்துக் கிடக்கும்.

மேயர் நடுப் பெண் மான் நின்ற இடத்தை முகர்ந்து, தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றான். சிரிக்கிற மாதிரி இருக்கும், சிரிப்பில்லை. வாயின் மேற்புறம் இருக்கிற ஒரு தனி உறுப்புக்கு அந்த வாசனையை அனுப்பி டெஸ்ட் எடுக்கிறான். ரிசல்ட் பாசிட்டிவ் போல. எங்கள் பரணிலிருந்து முப்பத்தைந்து மீட்டர். மரத்தில் இரண்டு தடியன்கள் உட்கார்ந்திருப்பது செப்டம்பராக இருந்தால் அவனுக்குத் தெரியாமல் போயிருக்காது. ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் மூச்சு விடவில்லை. பெரியவர் வில்லை வளைக்கவில்லை. இருபத்தைந்து மீட்டர்தான் அவர் கணக்கு. அதற்கு மேல் காயம் பட்டு ஓடி எங்கோ சாகும் என்று விடமாட்டாராம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இவராகப் போட்டுக்கொண்ட லட்சுமணன் கோடு. அந்தப் பெண் மான் எங்கள் பக்கம் பத்து மீட்டர் வந்திருந்தால் மேயரும் வந்திருப்பான். அது வாலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிற்று. மேயர் பின்னாலேயே. போயே போய்விட்டார்கள்.

சரி, எல்லாம் மேயருக்குத்தான், பையனுக்குப் பட்டைநாமம் என்று நினைத்தேன். அங்கேதான் விஷயமே. டெக்ஸாஸ், ஒக்லஹோமா, மேரிலாண்ட் முதலிய இடங்களில் மரபணுச் சோதனை செய்து, குட்டிகளுக்கு அப்பன் யார் என்று பார்த்திருக்கிறார்கள். பெரிய கொம்பன்கள் தாராளமாக இருக்கிற காட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டே குட்டிகளுக்கு அப்பன் ஒன்றரை, இரண்டரை வயசுப் பையன்கள்! இரட்டைக் குட்டிகளில் ஐந்தில் ஒரு ஜோடிக்கு அப்பனே வேறே வேறே. காரணம் சிம்பிள். மேயர் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் ஒன்றிரண்டு நாள் அதைவிட்டு நகரமாட்டான். அதே நேரத்தில் ஊரில் மற்ற பெண்களுக்கும் பருவம். மானேஜர் ஒரு கவுன்டரில் மாட்டிக்கொண்டால் மற்ற கவுன்டர் எல்லாம் ஜூனியர் வசம்தானே! பிரமோஷனுக்குக் காத்திருக்கிற வாசகர்கள் கவனிக்கவும்.

மேயரின் ஐந்தொகையும் பார்த்துவிடுவோம்; படித்த படிப்புக்கு மரியாதை. தொண்ணூறு கிலோ ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்னாமல் ஓடி ஓடி சீசன் முடிவதற்குள் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு, சிலது நாலில் ஒரு பங்கு கூட, கரைந்துவிடும். பதினெட்டு இருபது கிலோ செலவு. இருப்பு குறைந்த கணக்கோடு பனிக்காலத்துக்குள் நுழைய வேண்டும். அதற்குள் கார் வேறு. அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வண்டிகள் மான்மேல் மோதுகின்றன. எந்த மாதம் அதிகம் என்று சொல்லவேண்டியதில்லை.

பத்து மணிக்கு ஒரு பெண் மான் தனியாக வந்தது. வளர்ந்தது, குட்டி கூட இல்லை. பரணுக்கு நேர் கீழே பதினைந்து மீட்டரில் பக்கவாட்டில் நின்று ஓக் கொட்டை பொறுக்கியது. பெரியவர் என்னைப் பார்த்தார். உத்தரவு கேட்கிற பார்வை இல்லை. கண்ணை மூடிக்கொள்வதானால் மூடிக்கொள் என்கிற பார்வை. நான் மூடவில்லை. கயிறு விட்ட சத்தம் கேட்டது. மான் துள்ளி, வெள்ளை வால் படிய, தோப்புக்குள் ஓடிற்று. அவ்வளவுதான். அணில்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

எனக்குக் கை நடுங்கியது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மட்டன் சாப்பிடுகிறவன்தான். ஆனால் கடையில் க்யூவில் நிற்கும்போது அது என்னை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

உடனே இறங்கக்கூடாதாம். அரை மணி காத்திருந்தோம். அப்போதுதான் என் வாலி கேள்விக்கு அவர் பேசினார். "1900 வாக்கில் இந்த நாடு முழுக்க அஞ்சு லட்சம் மான்தான் மிச்சம், பையா. கறிக்கும் தோலுக்கும் வியாபாரிங்க சுட்டே தீர்த்துட்டாங்க. இப்ப மூணு கோடிக்குக் கிட்ட. ஓநாய் வடக்கேதான் இருக்கு. இங்கே என்னை விட்டா காரும் நோயும்தான். மேயரைச் சுட்டா சுவத்துல மாட்டலாம். கூட்டத்தைக் குறைக்கணும்னா இவளைத்தான் சுடணும்." நியாயப்படுத்துகிறார் என்று தோன்றினாலும், கணக்கு சரிதான். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது 11 சதவீதம் வரி போட்டுக் காட்டு உயிர்களுக்குச் செலவழிக்கிற சட்டம் 1937லேயே அங்கே வந்துவிட்டது. பிறகு வில் அம்புக்கும் வரி வந்தது. 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில் என்றிருக்கிற நமக்கு, சுடுகிறவனே காப்பாற்றக் காசு கொடுக்கிற இந்த ஏற்பாடு தலையில் ஏற நேரமாகிறது.

எண்பது மீட்டர் தள்ளிக் கிடந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையுறை மாட்டி, கத்தியை எடுத்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

பாதி வேலையில் சருகு சத்தம். நிமிர்ந்தால், இருபதடியில் நம்ம பையன்! அந்தக் கவட்டைக் கொம்பன். எங்களைப் பார்க்கிறான், ரத்தத்தைப் பார்க்கிறான், கத்தியைப் பார்க்கிறான். ஓட வேண்டியதுதானே? கழுத்தை நீட்டி முகர்ந்துகொண்டு ஓரடி முன்னால் வைக்கிறான். செத்துக் கிடக்கிறது என்று அவன் மூக்குக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பெரியவரிடம் ஆண் மானுக்கு லைசென்ஸ் பாக்கி இருந்தது. வில்லும் கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது. அவர் ஒரு கையுறையைக் கழற்றி அவன்மேல் விட்டெறிந்து, "வீட்டுக்குப் போடா முட்டாளே!" என்று கத்தினார். அப்போதும் பையன் பத்தடிதான் போனான். நாங்கள் மானை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் போகும்வரை மரத்துக்கு மரம் பின்னாலேயே வந்தான்.

போனில் பதிவு செய்தார். மறுநாள் மாலை ஐந்துக்குள் செய்தாக வேண்டும். இருபது கிலோவுக்குக் கிட்டே கறி தேறியது. ஆனால் உடனே தின்ன முடியாது. மானின் மூளையை அரிக்கிற ஒரு நோய், 2002ல் எங்கள் கிராமத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் ஹோரெப் என்ற ஊர் வட்டாரத்தில்தான் அந்த மாநிலத்தில் முதன்முதலாகத் தெரிந்தது. மனிதனுக்கு வந்ததாக இதுவரை தகவல் இல்லை; ஆனாலும் சோதித்துவிட்டுத் தின்னுங்கள் என்கிறது அரசாங்கம். ரோட்டோரப் பெட்டியில் தலையைப் போட்டுவிட்டு, சீட்டைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு வாரம் கறி ஃப்ரீஸரில் ஹால் டிக்கெட் நம்பரோடு கிடந்தது. பெரியவர் தினம் கம்ப்யூட்டரில் பார்த்தார், ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற அப்பா மாதிரி. நோய் இல்லை என்று வந்தது. எங்கள் பங்கை அக்கா மிளகு அரைத்துப் போட்டு வறுத்தாள். இரண்டாவது கரண்டி நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2020 ஜனவரியில், நான் ஊர் திரும்பின பிறகு, அத்தான் ஒரு படம் அனுப்பினார். பெரியவரின் கேமராவில் விழுந்தது. ராத்திரி, பனி, அதே ஓக் மரம். மேயர். விலா எலும்பு எண்ணலாம். கழுத்து இளைத்துப் பழையபடி ஆகியிருந்தது. ஒரு பக்கக் கொம்பு விழுந்துவிட்டது, இன்னொன்று தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பழக்க தோஷத்தில் இன்னும் பயந்தபடி, அந்தப் பையன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் பனியைக் கிளறிக் கொட்டை தேடிக்கொண்டிருந்தார்கள்.